சம்பந்தி வீட்டு நாய்க்குட்டி

வள்! வள்! வள்!

ஃப்ரிட்ஜின் மேலிருந்த செல்போன் தொண்டை கிழியக் குரைத்தது. ஜெசிந்தா தோசைக்கரண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடவில்லை. போட்டால் சத்தம் வரும். அதை மடித்த துணியின் மேல் படுக்கவைத்துவிட்டு ஓடிப்போய் போனின் வாயைப் பொத்தினாள்.

அந்த வீட்டில் போன் குரைக்கக் கூடாது. போன் மட்டுமல்ல, எதுவுமே. வாசல் அழைப்பு மணியைக் கழற்றி வைத்தாகிவிட்டது. விசில் அடிக்கிற குக்கர் பரணுக்குப் போய்விட்டது. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் தொப்பி. சர்ச் பேண்டில் ட்ரம்பெட் வாசிக்கிற கணவன் எட்வின், வீட்டுக்குள் அதை உறையிலிருந்து எடுத்தே இரண்டு வருடமாகிறது. எல்லாம் மகள் மெர்லினுக்கு முதல் வலிப்பு வந்த பிறகு. "மாத்திரை தவறக் கூடாது, நல்லாத் தூங்கணும், திடீர் அதிர்ச்சி வேண்டாம்" என்று டாக்டர் சொன்னதில் கடைசி வார்த்தையை மட்டும் அவர்கள் இறுகப் பிடித்துக்கொண்டார்கள்.

நாய்ப்பண்ணையிலிருந்து எது வந்தாலும் இப்படிக் குரைக்கிற போனில் செய்தி இருந்தது. "வழக்கச் சத்தம், மூன்றாம் மாதிரி நிராகரிக்கப்பட்டது. புதிதாக அனுப்பவும். டாக்டர் இன்பசேகரன், பதியநாய்ப் பண்ணை, கோவில்பட்டி."

"இந்த ஆளை நான் என்ன செய்யறது?" என்று பல்லைக் கடித்தாள் ஜெசிந்தா. பொன்மலையிலிருந்து சரக்கு ரயில் ஓட்டிக்கொண்டிருந்தவள் அவள்; மெர்லினுக்காக நீண்ட விடுப்பில் இருக்கிறாள். ஐம்பத்தெட்டு வேகன்களை ஒற்றை ஆளாய் இழுத்துப்போன கை. ஒரு நாய்ப்பண்ணைக்காரரை அவளால் ஓரடி நகர்த்த முடியவில்லை. போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்தினாள்.

"சொல்லுங்க சம்பந்தி!" என்றது மறுமுனை. பின்னால் நாற்பது நாய்கள் ஒரே நேரத்தில் அபிப்பிராயம் சொல்லிக்கொண்டிருந்தன.

"டாக்டர், என்னை சம்பந்தின்னு கூப்பிடாதீங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"குட்டியைக் கட்டிக்குடுக்கப் போறேன்லா? அப்ப நீங்க சம்பந்திதானே. பொண்ணு குடுக்கிற வீட்டைப் பத்தி நாலு விஷயம் விசாரிக்கத்தான் செய்வாங்க."

"விசாரிச்சது போதும். மூணு மாதிரி அனுப்பிட்டேன். அதுல என்ன குறை?"

"அது வீடா, ஆஸ்பத்திரி வார்டான்னு தெரியல. காலடிச் சத்தம், ஃபேன் சத்தம், யாரோ 'சாப்பிட்டியா'ன்னு காதுக்குள்ள கேக்காங்க. அம்புட்டுத்தான். பன்னிரண்டு வயசுப் பிள்ளை இருக்கிற வீட்டுல ஒரு தட்டு கூடவா விழாது?"

"விழாது. நாங்க விழ விடறதில்லை."

"சரியாப் போச்சு. பதியம்னா என்னன்னு முதல்ல வந்தப்பவே சொன்னேனே? செடியோட கிளையை வளைச்சு மண்ணுல புதைச்சா அங்கேயே வேர் விடும்லா? அந்த மாதிரி, குட்டி தூங்கறப்ப அது தலையில ஒரு குல்லா. அதுக்குள்ள உங்க வீட்டுச் சத்தம், உங்க வேர்வை வாசம் எல்லாம் போகும். மூளையில வேர் விடும். வாசப்படி தாண்டறப்பவே அது உங்க வீட்டுல பொறந்த மாதிரி. எது வழக்கம்னு தெரிஞ்சாத்தான் எது வழக்கமில்லைன்னு தெரியும். எப்பவும் அமைதியா இருந்தா, அது எதைக் கேட்டு முழிச்சுக்கும்?"

"சரி, இப்ப என்னதான் வேணும்?"

"ஒரு சண்டை அனுப்புங்க. நல்ல சண்டையா."

போனை வைத்தபின் கொஞ்ச நேரம் ஜெசிந்தா பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர் ஃபிளாட்டில் ஒரு பதியநாய் இருந்தது. கணவனும் மனைவியும் பெங்களூர் கம்பெனிக்கு வீட்டிலிருந்தே வேலை செய்பவர்கள். பேச நேரமில்லாமல் டிவி சீரியல் சத்தத்தை அனுப்பிவிட்டார்களாம். அந்த நாய் இன்றுவரை வீட்டு ஆட்களை விருந்தாளிகளாகத்தான் பார்க்கிறது. ஏழரை மணி சீரியலின் மாமியார் திரையில் வந்தால் மட்டும் வாலை ஆட்டிக்கொண்டு ஓடிப்போய் டிவியை நக்குகிறது.

தன் வீட்டில் அப்படி ஆகிவிடக் கூடாது. போன மழைக்காலத்தில் மெர்லின் குளியலறையில் விழுந்து நெற்றியில் தையல் போட்ட நாளிலிருந்து அவள் கதவைத் தாழிட்டுக் குளித்ததே இல்லை. கதவு ஒருக்களித்திருக்கும்; வெளியே ஸ்டூல் போட்டு ஜெசிந்தா உட்கார்ந்திருப்பாள். உள்ளே தண்ணீர் விழுகிற சத்தம் நின்றால் "மெர்லி?" என்பாள். "இருக்கேன்" என்று பதில் வரும். ஒருநாள் அந்தப் பதிலோடு சின்ன விசும்பலும் வந்தது. அன்றுதான் ஜெசிந்தா கோவில்பட்டிக்குப் போன் செய்தாள். வலிப்பு வருவதற்கு முன்பே மோப்பம் பிடித்துச் சொல்கிற நாய். அது வந்தால் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கலாம். அவ்வளவுதான் அவள் கேட்டது.

அன்று மாலை எட்வின் பள்ளிக்கூட வேலை முடிந்து வந்ததும் சண்டைக்கு ஏற்பாடு செய்தார்கள். மெர்லின் கட்டிலில் சம்மணமிட்டு, போனை நீட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, நீங்க ஏன் இன்னைக்குத் தேங்காய் வாங்கி வரவில்லை?" என்றாள் ஜெசிந்தா.

"ஜெசி, நான் மறந்துவிட்டேன். அதற்காக நீ இவ்வளவு கோபப்பட வேண்டியதில்லை" என்றான் எட்வின்.

மெர்லின் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. இருவரும் பதறி ஓடினார்கள். அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கோவில்பட்டியிலிருந்து பதில் உடனே குரைத்தது. "இது ரேடியோ நாடகம். சண்டை போடுகிறவர்கள் வாக்கியத்தை முடிக்க மாட்டார்கள். மறுபடி அனுப்பவும்."

"இவரு கல்யாணத் தரகரா, பரீட்சை பேப்பர் திருத்தறவரா?" என்று எகிறினான் எட்வின். "வேற பண்ணையே இல்லையா? ஓசூர்ல ஒருத்தன் போன வாரத்துலயே..."

"ஓசூர்க்காரன் குடுத்த நாய் ஆம்புலன்ஸைப் பார்த்தா ஓடி ஒளியுதாம்! விசாரிக்காம பேசா..."

"நான் விசாரிக்காம பேசறேனா? நீதான்..."

"நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க, பதிவாகுது!" என்று கத்தினாள் மெர்லின்.

அந்தச் சண்டை தேறிவிட்டது. அடுத்தடுத்த மாலைகளில் டாக்டர் இன்பசேகரன் ஒவ்வொன்றாகக் கேட்டார். தாளிக்கிற சத்தம். சிரிப்பு. பாட்டு. "வீட்டுல யாருக்காவது பீப்பி, மத்தளம் ஏதும் தெரியுமா?" என்று கேட்டபோது மெர்லின் நாற்காலி போட்டு ஏறி, பீரோ மேலிருந்த ட்ரம்பெட்டைத் தானே இறக்கினாள். எட்வின் தயங்கித் தயங்கி ஊதினான். மெர்லின் தாளத்துக்கு எவர்சில்வர் தட்டைத் தட்டினாள். எதிர் ஃபிளாட்டு நாய் ஊளையிட்டது. ஜெசிந்தா ரயில் ஹாரன் மாதிரி வாயால் ஒலித்துக்காட்ட, மூன்று பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

பதிவு முடிந்ததும் ட்ரம்பெட் உறைக்குள் போனது. தட்டு துணியின் மேல் போனது. அப்புறம் ஜெசிந்தாவும் எட்வினும் சமையலறைக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அடங்கின குரலில் பேசினார்கள்.

"இன்னைக்குக் கொஞ்சம் அதிகமாயிடுச்சு இல்ல? மூச்சு வாங்கினா பாரு."

"ஆமா. நாளைக்கு அவ ஃப்ரெண்ட் சுமித்ரா பர்த்டேக்கு அனுப்ப வேணாம். நான் போன் பண்ணிச் சொல்லிடறேன்."

வீட்டு முடிவுகள் எல்லாமே அப்படித்தான் எடுக்கப்பட்டன. சைக்கிளை விற்றது, நீச்சல் வகுப்பை நிறுத்தியது, சர்ச்சில் பிள்ளைகள் பாடற்குழுவிலிருந்து மெர்லினின் பெயரை எடுத்தது எல்லாம் அந்தச் சமையலறையில், பிள்ளை காதில் விழாதபடி, பிள்ளை மனம் நோகாதபடி.

வழக்கச் சத்தங்கள் முடிந்து அபாயச் சத்தம் மிச்சமிருந்தது.

"இது ரொம்ப முக்கியம் சம்பந்தி" என்றார் டாக்டர். "அபாயம் வாரதுக்கு முன்னாடி உங்க வீட்டுல என்ன சத்தம் கேக்கும்? ஆளுக்கு ஒண்ணு அனுப்பணும். தனித்தனியா. ஒருத்தர் அனுப்பினதை இன்னொருத்தர் கேக்கக் கூடாது. நானே கேக்க மாட்டேன். நேரா குல்லாவுக்குப் போயிரும்."

"அதென்ன ரகசியம்? அபாயம் ஒண்ணுதானே. அவளுக்கு ஃபிட்ஸ் வர்றது."

"உங்களுக்கு அது அபாயம். பாப்பாவும் ஒண்ணு அனுப்பட்டும்."

"டாக்டர், ஃபிட்ஸ் வர்றப்ப அவளுக்கு நினைவே இருக்காது. அவளுக்கு என்ன தெரியும்?"

"அவளைக் கேட்டுத்தானே தெரியும்? நாய் யாருக்காக வருதோ அவங்க அனுப்பறதுதான் முதல்ல வேர் விடும். இதுல மட்டும் நான் விட்டுக்குடுக்க மாட்டேன்."

வேறு எதிலாவது இந்த மனிதர் விட்டுக்கொடுத்திருக்கிறாரா என்று ஜெசிந்தாவுக்கு நினைவில்லை. மருத்துவரிடம் காட்ட எடுத்த வீடியோவிலிருந்து, வலிப்புக்கு முன்னால் மெர்லின் நாக்கைச் சப்புக்கொட்டுகிற அந்த மெல்லிய சத்தத்தை வெட்டி அனுப்பினாள். கூடவே வலிப்பின்போது அவள் வாயைத் துடைத்த கைக்குட்டையையும் உறையில் போட்டு அனுப்பினாள். எட்வினும் ஏதோ அனுப்பினான். இரண்டு நாள் கழித்துப் போன் குரைத்தது. "மெர்லினின் மாதிரி வந்தது. நன்றி."

"என்ன அனுப்பினே, பாப்பா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"டாக்டர் அங்கிள் சொல்லக் கூடாதுன்னாரே" என்று மெர்லின் வீட்டுப்பாடத்துக்குள் குனிந்துகொண்டாள்.

குட்டி வந்தது. சிப்பிப்பாறை ஜாதி, தேன் நிறம், உடம்பைவிடக் காலே அதிகம். கூடையிலிருந்து இறங்கி, வீட்டைச் சுற்றிப் பார்க்கக்கூட இல்லை. ஊரிலிருந்து திரும்பிய ஆள் மாதிரி நேராக மெர்லினின் அறைக்குப் போய்க் கட்டிலுக்கடியில் படுத்துக்கொண்டது. ஜெசிந்தா வேடிக்கைக்கு ரயில் ஹாரன் ஒலி கொடுத்தாள். எழுந்து ஓடிவந்து அவள் பாதத்தில் தலையை வைத்தது. "ஹாரன்" என்று பெயர் வைத்தாள் மெர்லின்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே அது யாரென்று காட்டியது. சர்ச்சுக்குக் கிளம்பத் தலைவாரிக்கொண்டிருந்த மெர்லினைப் பார்த்து ஹாரன் மூன்று முறை குரைத்தது. பாவாடை நுனியைக் கவ்வித் தரையை நோக்கி இழுத்தது. ஜெசிந்தா பாயை விரித்து மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்து முடித்த பிறகுதான் வலிப்பு வந்தது. ஒரு சிராய்ப்புகூட இல்லை. எட்வின் குட்டியை அள்ளி முத்தமிட்டான். அன்று சாயங்காலம் மெர்லின் குளியலறைக் கதவைத் தாழிட்டாள். உள்ளேயிருந்து பாட்டுச் சத்தம் கேட்டது. வெளியே ஸ்டூல் காலியாக இருந்தது. ஜெசிந்தா அதைச் சுவரோரமாகத் தள்ளிவைத்தாள்.

சமையலறைக்குப் போனாள். எட்வின் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினான்.

"நீ லீவை முடிச்சுக்கிட்டு வேலைக்குப் போலாம்போல இருக்கே" என்றான் மெதுவாக.

"அவசரப்படாதீங்க. ஸ்கூல் டூர் போறேங்கிறா. அதை முதல்ல எப்படி வேணாம்னு..."

வள்! வள்! வள்!

கதவைப் பிறாண்டித் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்த ஹாரன் எட்வினின் லுங்கி நுனியைக் கவ்வித் தரையை நோக்கி இழுத்தது.

எட்வின் வெளுத்துப்போனான். "எனக்கா?"

மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் லுங்கியை விட்டு ஜெசிந்தாவின் நைட்டியைக் கவ்வியது. அதே மூன்று குரைப்பு, அதே இழுப்பு. இருவரும் கிசுகிசுவென்று கவலைப்பட்டார்கள். கவலைப்படக் கவலைப்பட அது இன்னும் குரைத்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்த் தலையிலிருந்து கால்வரை ஸ்கேன் எடுத்தார்கள். எட்வினின் உடம்பில் தொப்பையைத் தவிர வேறெதுவும் இல்லை. ஜெசிந்தாவுக்கு அதுவும் இல்லை.

"அப்ப குட்டிதான் பழுது" என்று முடிவு செய்து அவள் கோவில்பட்டிக்குப் போன் போட்டாள். இந்த முறை பால்கனிக்குக்கூடப் போகவில்லை. ஹாலில் நின்றே கத்தினாள்.

"டாக்டர், உங்க பொண்ணு சும்மா சும்மா குரைக்கிறா! இதை நம்பி நான் பிள்ளையை எப்படி விட்டுட்டுப் போறது? நிஜமா வர்றப்ப குரைச்சாலும், இதுவும் பொய்யோன்னு இருந்துட மாட்டோமா? திருப்பி எடுத்துக்கோங்க!"

"சம்பந்தி, சம்பந்தி, பொறுங்க. ரெண்டு மாதிரி குரைக்கா, ஒரே மாதிரி குரைக்கா?"

"ஒரே மாதிரி."

"அப்ப பழுது இல்லை. அபாயம்னு யாரோ சொன்ன ஒண்ணைக் கேட்டுத்தான் குரைக்கு. போன வருஷம் விருதுநகர்ல ஒரு வீடு. மருமக ஆபீஸ்லேருந்து வந்தாலே நாய் தெருவைக் கூட்டுது. கடைசில பாத்தா, மாமியாக்காரி மருமகளோட செருப்புச் சத்தத்தை அபாயம்னு அனுப்பி வச்சிருக்கா! இதுக்குத்தான் நான் எதையும் கேக்கறதில்லை. கேட்டா என் பண்ணை குடும்ப நல கோர்ட் ஆயிரும். உங்க வீட்டுல யாரு எதை அனுப்பினாங்களோ, நீங்களே பேசிக்கிடுங்க."

ஜெசிந்தா போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். எட்வின் சோபாவில் உட்கார்ந்து சாக்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"நீங்க என்ன அனுப்பினீங்க?"

"எதை?"

"அபாயம்னு என்ன அனுப்பினீங்க? என் குரலையா?"

"உனக்கென்ன பைத்தியமா ஜெசி? அவ விழுந்தப்ப பக்கெட் உருண்ட சத்தம் இருக்கும்ல, அந்த மாதிரி ஒரு பக்கெட்டை உருட்டி..."

"பொய் சொல்லாதீங்க! நான் வாயைத் திறந்தாலே அது..."

"நான் வாயைத் திறந்தாலும்தான் குரைக்குது! அப்ப நீ என் குரலை..."

"நான் எதுக்கு உங்க... என்னைப் பார்த்தா அப்படியா..."

"ரெண்டு வருஷமா என்னை ஒரு நோட்டு வாசிக்க விட்டியா? எல்லாத்துக்கும் உஷ்ஷு, உஷ்ஷுன்னு..."

"ஓ! அதுதான் உள்ளுக்குள்ள இருக்கா! அப்ப பிள்ளைக்காக நான் ஒருத்தி மட்டும் வேலைக்கு லீவு போட்டுட்டு..."

"யாரு உன்னைப் போடச் சொன்..."

இந்த முறை யாரும் பதிவு செய்யவில்லை. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. ஜெசிந்தாவின் கை பட்டு எவர்சில்வர் தம்ளர் மேஜையிலிருந்து விழுந்து ஹால் முழுக்க உருண்டது. அது ஹாரனின் மூக்கில் மோதி நின்றது. ஹாரன் அதை ஒருமுறை நக்கியது. முன்னங்காலை நீட்டிச் சோம்பல் முறித்தது. விரிப்பில் மல்லாந்து வயிற்றைக் காட்டியது.

முதலில் கவனித்தது எட்வின். பாதி வாக்கியத்தோடு நின்றுவிட்டான். ஜெசிந்தாவும் பார்த்தாள். இத்தனை கூச்சலுக்கு நடுவே நாய்க்குட்டி நிம்மதியாக வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

"இதுக்குக் குரைக்கலையே" என்றான் எட்வின்.

உள்ளறையில் மெர்லின் இருப்பது ஜெசிந்தாவுக்குச் சட்டென்று நினைவு வந்தது. உதட்டில் விரலை வைத்தாள். அவன் சட்டையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"மெர்லி கேட்டிருப்பா" என்றாள், காற்றில் கரைகிற குரலில். "இந்த நாய் சரிப்படாது. அவ ஸ்கூலுக்குப் போயிருக்கிற நேரமாப் பார்த்துத் திருப்பி அனுப்பி..."

வள்! வள்! வள்!

கதவு படாரென்று திறந்தது. ஹாரன் இருவருக்கும் நடுவில் பாய்ந்து நைட்டியைக் கவ்வியது. அதன் பின்னால், வீட்டுப்பாடப் பேனா கையில் இருக்க, மெர்லின் நின்றிருந்தாள். அவள் கண் அம்மாவின் முகத்தில் இல்லை; தன்னிடமிருந்து அடுத்தது எது போகப்போகிறது என்று தேடுகிற மாதிரி நாய்க்குட்டியின் மேல் இருந்தது.

"நீ... நீ என்ன அனுப்பினே, பாப்பா?" என்றாள் ஜெசிந்தா.

மெர்லின் குனிந்து ஹாரனைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"ஃபிட்ஸ் வர்றப்ப எனக்கு ஒண்ணுமே கேக்காதும்மா. நீங்க ரெண்டு பேரும் கிச்சன் கதவைச் சாத்திட்டு மெதுவாப் பேசுவீங்கள்ல, அதுதான் கேக்கும். அதைத்தான் அனுப்பினேன்."